வாள் எனக்குக் குறிவைக்கவில்லை என்பதால் அது கொலை முயற்சி இல்லையா?

யாழ்ப்பாண மாவட்டத்தின் பொலிஸ் உயர் அதிகாரிகளுக்கும், பாரதூரமான வழக்குகளில் குற்றப்பத்திரிகையைத் தீர்மானிக்கும் சட்டமா அதிபர் அவர்களுக்கும்,

“அக்கா, அவனைக் கொல்லத்தான் வந்தார்கள்; அவனுக்கு ஒரு கீறலும் இல்லை. உங்களுக்குக் காயம் இருக்கிறது. ஆனால் உங்களைக் கொல்ல அவர்கள் வரவில்லை. இதில் கொலை முயற்சி எங்கே இருக்கிறது?”

என் கடைக்கு வந்த ஓர் இளைஞனுக்குக் குறிவைத்த வாள் என் கையை வெட்டியது. அதன் பிறகு ஒரு பொலிஸ் நிலையத்தின் வாங்கில், அந்த வலது கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தபோது என்னிடம் கேட்கப்பட்ட கேள்வி இது. கேட்ட அதிகாரி என்னை அவமதிக்கவில்லை. பொறுமையாக, இரண்டு தடவை விளக்கினார். தான் சொல்வதுதான் சட்டம் என்று அவர் மனதார நம்பினார். அதனாலேயே என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை. வேண்டுமென்று ஒருவர் செய்த தவறென்றால் அந்த ஒருவரோடு அது நின்றுவிடும். சட்டத்தைப் பற்றிய தவறான நம்பிக்கை என்றால், இதேபோன்ற இன்னும் எத்தனை வழக்குக் கோவைகளுக்குள் அது புகுந்திருக்கிறதோ தெரியாது.

முதலில் நீதவான் நீதிமன்றத்துக்குப் போன அறிக்கையில் தண்டனைச் சட்டக்கோவையின் 300ஆம் பிரிவு, அதாவது கொலை முயற்சி, இருந்தது. ஐந்து மாதங்கள் கழித்துப் போன மேலதிக அறிக்கையில் அது இல்லை. அதன் இடத்தில் 317ஆம் பிரிவு வந்திருந்தது: ஆபத்தான ஆயுதத்தால் கடுங்காயம் விளைவித்தல். மாற்றப்போவதாகவோ மாற்றிவிட்டதாகவோ எனக்கு எவரும் அறிவிக்கவில்லை. தவணைக்குப் போன இடத்தில் என் சட்டத்தரணி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். ஏன் என்று கேட்கப் போன நாளில்தான் மேலே சொன்ன விளக்கம் கிடைத்தது.

பலாலி வீதியிலிருந்து உள்ளே இறங்கும் ஓர் ஒழுங்கையில் எனக்கு ஒரு தையல் கடை. பத்தடிக்குப் பன்னிரண்டடி. இரண்டு மெஷின்கள், துணி வெட்டும் மேசை ஒன்று. பள்ளிக்கூடம் முதலாம் தவணை தொடங்கும் காலம். கடை முழுவதும் வெள்ளைச் சீருடைத் துணி. மாலை ஆறு மணியிருக்கும். எட்டாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை ஒருத்திக்குத் தோள் அளவு எடுத்துக்கொண்டிருந்தேன். அயலில் இருக்கும் இளைஞன் ஒருவன் தன் தாய் தைக்கக் கொடுத்த சட்டையை வாங்க வந்து வாசலோடு நின்றான். இரண்டு மோட்டார் சைக்கிள்கள் வந்தன. இலக்கத் தகடுகளில் துணி சுற்றியிருந்தது. நால்வர், நால்வரும் முகத்தை மூடியிருந்தார்கள். “கழுத்தில் போடு” என்று ஒருவன் கத்தினான். இளைஞன் உள்ளே பாய்ந்து மேசையோடு குனிந்தான். அவன் கழுத்து இருந்த இடத்தில் அடுத்த கணம் என் கை இருந்தது. பிள்ளையைப் பின்னால் தள்ளுவதற்காக நீட்டிய கை. அளவு நாடா அதில் தொங்கிக்கொண்டிருந்தது.

வாள் என் முழங்கைக்குக் கீழே இறங்கியது. அங்கேயும் நிற்கவில்லை. கையைக் கடந்து மேசைப் பலகையில் பதிந்து, இழுத்தெடுக்க வேண்டியிருந்தது. அந்த வெட்டு இன்னும் மேசையில் இருக்கிறது. நீளம் ஒரு சாண். ஆழம் என் சுண்டுவிரலின் முதற் கணு வரை. ஒருவரின் கையை அறுத்த பின்பும் வேப்பம் பலகைக்குள் அவ்வளவு தூரம் போகிற வீச்சு, வெருட்டுவதற்காக வீசப்பட்ட வீச்சா? விசாரணைக்கு வந்தவர்களில் ஒருவரும் அந்த வெட்டைப் படம் எடுக்கவில்லை. அளக்கவுமில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு நான்தான் இடது கையால் நாடாவை வைத்து அளந்து எழுதி வைத்தேன்.

இரண்டு சத்திரசிகிச்சைகள், 11 நாட்கள் வாட்டில். சட்ட வைத்திய அதிகாரி கடுங்காயம் என்று அறிக்கை எழுதினார். இன்று என் பெருவிரல் கத்தரிக்கோலின் வளையத்துக்குள் போகிறது. மற்ற விரல்களும் எப்படியோ போகின்றன. ஆனால் துணியை வெட்டும் அளவுக்கு அழுத்தம் வருவதில்லை. இருபத்தைந்து வருடங்களாக வலது கையால் துணி வெட்டியவள் நான்.

அந்த இளைஞன் இப்போது ஊரில் இல்லை. வாக்குமூலம் கொடுக்க மாட்டான் என்று தாய் சொல்லிவிட்டார். அந்தத் தாயை நான் குறை சொல்ல மாட்டேன். என் பக்கத்தில் நின்ற பிள்ளையின் தகப்பனும் அவளைச் சாட்சிக்கு அனுப்பத் தயங்குகிறார். அவரிடமும் எனக்குக் கோபமில்லை. பொலிஸாரின் கணக்கு எப்படி வந்தது என்பது இதிலிருந்து விளங்கும்: குறிவைக்கப்பட்டவனுக்குக் காயமும் இல்லை, முறைப்பாடும் இல்லை; காயப்பட்டவள் குறியில்லை. இரண்டையும் தனித்தனியாகப் பிரித்து வைத்ததும் கொலை முயற்சி நடுவில் விழுந்து காணாமற் போய்விட்டது.

நான் சாதாரண தரத்தோடு படிப்பை நிறுத்தியவள். சட்டம் தெரிந்தவள் என்று சொல்லிக்கொள்ள வரவில்லை. ஆனால் கை வேலை செய்யாத மாதங்களில் கண்கள் வேலை செய்தன. சட்டம் படிக்கும் என் பெறாமகளை அருகில் இருத்திக்கொண்டு தண்டனைச் சட்டக்கோவையின் அந்தப் பகுதியை வரிவரியாக வாசித்தேன். வாசிக்க வாசிக்க, அந்த அதிகாரி சொன்னதற்கு நேர்மாறானதே அங்கே எழுதியிருந்தது.

அந்தச் சட்டக்கோவை 1883ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். அதன் 295ஆம் பிரிவை எங்கள் பேச்சில் சொல்வதானால் இப்படி வரும்: ஒருவன் ஒருவரைக் கொல்ல எண்ணி ஒரு காரியத்தைச் செய்து, அதனால் அவன் எண்ணியிராத இன்னொருவர் இறந்துபோனால், எண்ணப்பட்டவரே இறந்திருந்தால் அது என்ன குற்றமாக இருந்திருக்குமோ அதே குற்றம்தான் இதுவும். கொல்லும் எண்ணம் யார்மேல் இருந்தது, சாவு யாருக்கு வந்தது என்று பிரித்துப் பார்த்துக் குற்றவாளி தப்ப முடியாது. இது புதிய கண்டுபிடிப்பும் இல்லை. 16ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஒருவன் மனைவியைக் கொல்ல நஞ்சு வைத்த ஆப்பிளைக் கொடுத்தான், அவளோ அதைத் தங்கள் சிறு மகளுக்குக் கொடுத்துவிட்டாள், பிள்ளை இறந்தது. மகளைக் கொல்லும் எண்ணம் தகப்பனுக்கு இல்லை என்பதில் எவருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. ஆனாலும் அது கொலை என்றே தீர்ப்பாயிற்று. 1886இல் அதே நாட்டில் ஒருவன் மற்றொருவனை அடிக்க இடுப்புப் பட்டியை வீச, அது வழுகிப் போய் அருகில் இருந்த பெண்ணின் முகத்தைக் கிழித்தது. அவளைக் காயப்படுத்திய குற்றம் அவன்மேல் நின்றது. எங்கள் சட்டக்கோவை இந்தத் தீர்ப்புக்கும் மூன்று வருடம் மூத்தது.

இனி 300ஆம் பிரிவு. எந்த எண்ணத்தோடு, எந்த அறிவோடு, எந்தச் சூழ்நிலையில் செய்த செயலால் சாவு வந்திருந்தால் அது கொலையாகுமோ, அந்தச் செயலைச் செய்தவன் கொலை முயற்சிக் குற்றவாளி. தண்டனை 10 வருடம் வரை சிறை. அந்தச் செயலால் எவருக்கேனும் காயம் ஏற்பட்டிருந்தால் 20 வருடம் வரை சிறை.

எவருக்கேனும். ஐயா, அம்மணி, இந்த ஒரு சொல்லுக்காகத்தான் இந்த மடலையே எழுதுகிறேன். ‘குறிவைக்கப்பட்டவருக்குக் காயம் ஏற்பட்டால்’ என்று எழுத அந்தச் சட்டத்தை ஆக்கியவர்களுக்குத் தெரியாமல் இல்லை. அப்படி எழுதவில்லை. எவருக்கேனும் என்றுதான் எழுதினார்கள். பக்கத்தில் நிற்பவர்மேல் வெட்டு விழும் என்பது அவர்கள் அறிந்த விடயம்.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று. அன்று மாலை அந்த வாள் வீச்சால் நான் இறந்திருந்தால் அது கொலையா, இல்லையா? 295ஆம் பிரிவின்படி அது கொலை. 296ஆம் பிரிவின் கீழ் மரண தண்டனைக்குரிய குற்றச்சாட்டு எழுதப்பட்டிருக்கும். கையைக் கடந்த வாள் இன்னும் ஒரு சாண் மேலே வந்திருந்தால் என் பெயர் அந்தக் கோவையில் இருந்திருக்கும். வாள் அதுவே, வீச்சு அதுவே, வீசியவனின் எண்ணம் அதுவே. நான் பிழைத்ததால் மட்டும் அந்த எண்ணம் இல்லாமற் போய்விட்டதா? பிழைத்தவர்களுக்காகத்தான் 300ஆம் பிரிவே இருக்கிறது.

317ஆம் பிரிவை எழுதியவர்களிடம் ஒன்று கேட்கிறேன். கடுங்காயம் விளைவித்தல் என்பதும் எண்ணத்தை அல்லது அறிவை வைத்துத்தான் நிற்கிறது. அவன் என்னைக் காயப்படுத்த வந்தவனும் இல்லையே. என்மேல் எந்த எண்ணமும் அவனுக்கு இல்லை என்றால் 317உம் நிற்க முடியாது; வெறும் கவனயீனம் என்று எழுதியிருக்க வேண்டும். அப்படி எழுதவில்லை. காயப்படுத்தும் எண்ணம் அந்த இளைஞனைத் தாண்டி என்னிடம் வந்துவிட்டது என்று ஒப்புக்கொண்டுதான் 317ஐ எழுதியிருக்கிறீர்கள். ஒரே வாளில், ஒரே வீச்சில், காயப்படுத்தும் எண்ணம் மட்டும் என்னிடம் வந்துசேர, கொல்லும் எண்ணம் வாசலில் நின்றுவிட்டதா?

பெறாமகள் எனக்கு ஒரு விடயத்தை மறைக்காமல் சொன்னாள். அதை நானும் மறைக்கவில்லை. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநில உயர் நீதிமன்றம் 2002இல், எண்ணம் ஆள் மாறும் என்ற கோட்பாடு கொலைக்குப் பொருந்தும், கொலை முயற்சிக்குப் பொருந்தாது என்று தீர்ப்பளித்திருக்கிறது. ஒவ்வொருவரையும் கொல்லும் எண்ணம் இருந்ததா என்று தனித்தனியாகப் பார்க்க வேண்டும் என்பது அவர்களுடைய வாதம். அதே தீர்ப்பில், ஒருவனைக் கொல்வதற்காக அவனைச் சுற்றியிருக்கும் எல்லோரையுமே கொல்லக்கூடிய வழியை ஒருவன் தேர்ந்தெடுத்திருந்தால், சுற்றியிருந்தவர்கள்மேலும் கொலை எண்ணம் இருந்தது என்று கொள்ளலாம் என்றும் சொன்னார்கள். 2019இல் அதையும் இறுக்கிச் சுருக்கினார்கள். ஆகவே இது உலகம் முழுவதும் ஒரே மாதிரி விளங்கிக்கொள்ளப்பட்ட விடயமில்லை. அந்த அதிகாரி நினைத்ததுபோல நினைக்கும் நீதிபதிகளும் இருக்கிறார்கள்.

ஆனால் இரண்டு விடயங்களைச் சேர்த்துப் பாருங்கள். முதலாவது, அங்கே அப்படிச் சொன்ன நீதிபதிகள் எங்கள் 300ஆம் பிரிவை முன்னால் வைத்துக்கொண்டு சொல்லவில்லை. எங்களிடம் எழுதப்பட்ட சொல் இருக்கிறது. இரண்டாவது, கலிபோர்னியாவில்கூடக் குறிவைக்கப்பட்டவனைக் கொல்ல முயன்ற குற்றம் மறைந்துபோவதில்லை. பக்கத்தில் நின்றவர் விடயத்தில்தான் அவர்களுக்குள் விவாதம். எங்கள் நிலையத்திலோ இரண்டுமே போய்விட்டன. அந்த இளைஞனைக் கொல்ல முயன்றதற்கும் குற்றச்சாட்டு இல்லை. 300ஆம் பிரிவின் முதற் பகுதிக்குக் காயமே தேவையில்லை; எண்ணமும் செயலும் போதும். ஒருவரும் காயப்படாத கொலை முயற்சிக்குத்தானே 10 வருடம் என்று எழுதியிருக்கிறது? அவன் முறைப்பாடு தரவில்லை என்பதும் காரணமாகாது. நான் தந்தேன். என் கண்முன்னால், என் கடைக்குள் நடந்தது. குற்றவியல் வழக்கை நடத்துவது அரசு. ஒரு தாயின் பயத்தோடு அது முடிந்துபோக வேண்டியதில்லை.

எல்லாவற்றையும் கொலை முயற்சியாக்குங்கள் என்று நான் கேட்கவில்லை. காலில் வெட்டி வெருட்டவே வந்திருந்தால், அல்லது கைகலப்பில் யாரோ பிடித்த கத்தி தவறிப் பட்டிருந்தால், 300 எழுதுவது அநியாயம். எண்ணத்தை நிரூபிக்கும் பாரம் வழக்குத் தொடுநர் பக்கம்தான் இருக்கிறது. அது அங்கேயே இருக்கட்டும். எதிரியின் கூண்டில் நிற்கப்போகிறவர்களும் யாரோ ஒரு தாயின் பிள்ளைகள். செய்யாததற்கு அவர்கள் தண்டிக்கப்படக்கூடாது. நான் கேட்பது, எண்ணம் இருந்ததா என்பதை ஒரு நீதிபதி சாட்சியத்தைக் கேட்டுத் தீர்மானிக்க வேண்டும் என்பதுதான். அது வாங்கில் இருந்த என்னிடம் ஒரு கேள்வி கேட்டு முடித்துவைக்கும் விடயமல்ல.

அந்தச் சாட்சியம் எப்படிப் பதிவானது என்பதையும் சொல்ல வேண்டும். என் வாக்குமூலம் வாட்டில் எடுக்கப்பட்டது. நான் தமிழில் சொன்னேன், சிங்களத்தில் எழுதப்பட்டது, கூட வந்த ஒருவர் தமிழில் வாசித்துக் காட்டினார். மயக்கமருந்தின் கனம் இன்னும் தீராத நிலையில், இடது கையால் கையொப்பமிட்டேன். பின்னர் பிரதி கிடைத்து அதைத் தமிழில் சொல்வித்தபோது, “கழுத்தில் போடு” என்ற வார்த்தை அதில் இல்லை. “சத்தம் போட்டுக்கொண்டு வெட்டினார்கள்” என்று இருந்தது. கொலை எண்ணத்துக்கு இதைவிடப் பெரிய சாட்சி என்ன இருக்கிறது? ஆயுதம் என்ன, எந்த உறுப்பை நோக்கி வந்தது, எவ்வளவு விசையோடு வந்தது, வாயால் என்ன சொன்னான் என்பவற்றை வைத்துத்தானே எண்ணத்தை அறிய முடியும்? கழுத்து என்ற சொல்லை விட்டுவிட்டீர்கள். மேசையிலிருந்த வெட்டையும் விட்டுவிட்டீர்கள். பிறகு எண்ணத்துக்குச் சான்றில்லை என்கிறீர்கள்.

இங்கே வாள்வெட்டு புதிதில்லை. படலை கொத்தப்படுவதும், யன்னல்கள் நொறுக்கப்படுவதும், மோட்டார் சைக்கிள்கள் எரிக்கப்படுவதும் எங்கள் ஊர்களில் பல வருடங்களாக நடக்கின்றன. தேடி வந்தவன் அகப்படாவிட்டால் அகப்பட்டவர்மேல் வெட்டு விழுகிறது. அதைப் பற்றிப் பேசும்போது நாங்களும் ஒரு பாவத்தைச் செய்கிறோம்: “தவறுதலாக வெட்டுப்பட்டுவிட்டார்” என்கிறோம். ஆஸ்பத்திரியில் என்னைப் பார்க்க வந்தவர்களில் பாதிப்பேர் இதைத்தான் சொன்னார்கள். ஆறுதலுக்குச் சொன்னார்கள் என்பது தெரியும். ஆனால் அந்த வாக்கியத்தில் வெட்டியவன் எங்கே? மழையில் நனைந்ததுபோல, வழியில் இடறியதுபோல, நான் வெட்டுப்பட்டுவிட்டேன். தவறுதல் என்று சொல்வதற்கு அங்கே என்ன தவறியது? அவன் குறி தவறியது. குறி தவறியதற்கு அவனுக்கு ஏன் சலுகை கிடைக்க வேண்டும்? பத்தடிக் கடைக்குள், ஒரு பிள்ளையும் ஒரு பெண்ணும் நிற்க, கூரிய வாளைக் கழுத்து உயரத்தில் வீசுகிறவனுக்கு யார்மேலும் படலாம் என்பது தெரியாதா? கூட்டத்துக்குள் பீரங்கியைச் சுட்டவன் குறிப்பிட்ட ஒருவரைக் கொல்ல எண்ணியிராவிட்டாலும் கொலைகாரனே என்று 294ஆம் பிரிவின் உதாரணமே சொல்கிறது. எண்ணத்தை நிரூபிக்க முடியாது என்று அஞ்சினால், அறிவு என்ற வழியும் அதே சட்டத்தில் திறந்துதான் இருக்கிறது.

நால்வரில் இருவர் பிடிபட்டுப் பிணையில் வந்திருக்கிறார்கள். பேசி முடித்துவிடலாம் என்று எனக்கு இரண்டு தடவை ஆள் வந்தது. “உங்களோடு அவர்களுக்குப் பகையில்லைத்தானே, அக்கா” என்று வந்தவர் சொன்னார். பொலிஸ் நிலையத்தில் கேட்ட அதே வாதம், அதே தொனியில். இதைக் கேட்டபோதுதான் எனக்கு உண்மையில் பயம் வந்தது.

என் கோரிக்கைகளை வெளிப்படையாக வைக்கிறேன்.

சட்டமா அதிபர் அவர்களே, இந்தக் கோவையை அழைப்பித்துப் பாருங்கள். 295, 300 ஆகிய பிரிவுகளைச் சேர்த்து வாசித்து, அந்த இளைஞனைக் கொல்ல முயன்றது, அந்தச் செயலால் எனக்குக் காயம் விளைந்தது ஆகிய இரண்டும் குற்றப்பத்திரிகையில் இடம்பெறுமா என்று தீர்மானியுங்கள். 317ஐ மாற்றுக் குற்றச்சாட்டாக வைப்பதில் எனக்கு எந்த எதிர்ப்பும் இல்லை. இடம்பெறாது என்று தீர்மானித்தால், அதற்கான காரணத்தை எனக்குத் தமிழில் எழுத்தில் தாருங்கள்.

குறிவைக்கப்பட்டவர் வேறு, காயப்பட்டவர் வேறு என்று வரும் முறைப்பாடுகளில் எந்தப் பிரிவின் கீழ் அறிக்கை அனுப்ப வேண்டும் என்பதை விளக்கி, எல்லாப் பொலிஸ் நிலையங்களுக்கும் மூன்று மொழிகளிலும் ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். அதில் ‘எவருக்கேனும்’ என்ற சொல்லுக்குக் கீழே கோடிடுங்கள்.

பொலிஸ் உயர் அதிகாரிகளே, என்னிடம் மீண்டும் ஒரு வாக்குமூலத்தைத் தமிழில் பதிவு செய்யுங்கள். அன்று சொன்னதை அப்படியே சொல்கிறேன். வாள்வெட்டில் காயப்பட்டு ஆஸ்பத்திரியில் கிடப்பவர்களின் வாக்குமூலத்தை அவர்கள் பேசும் மொழியிலேயே எழுதும் ஒருவரை அனுப்புவதை வழமையாக்குங்கள். பிரிவுகளை மாற்றும்போது பாதிக்கப்பட்டவருக்கு அறிவியுங்கள். பாதிக்கப்பட்டோருக்கும் சாட்சிகளுக்கும் உதவியும் பாதுகாப்பும் வழங்குவதற்கென்றே 2015இல் ஒரு சட்டமும் அதன் இடத்தில் 2023இல் இன்னொரு சட்டமும் வந்திருக்கின்றன. அந்தச் சட்டத்தின் கீழ் அந்தப் பிள்ளைக்கும் அவள் தகப்பனுக்கும் என்ன பாதுகாப்புக் கிடைக்கும் என்பதை அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சொல்லுங்கள். சீருடை அணியாத ஒருவர் போனால் நல்லது.

அடுத்த தவணைக்கு முன் யாரையாவது கடைக்கு அனுப்பி அந்த மேசையைப் படம் எடுத்து, அளந்து, பொருட்சான்றாகப் பதிவு செய்யுங்கள். தச்சர் இரண்டு தடவை வந்து, பலகையைச் சீவித் தருகிறேன் என்றார். நீங்கள் வரும்வரை அதில் சீவுளி வைக்க விடமாட்டேன்.

இப்படிக்கு,
அந்தக் கடையின் தையற்காரி
யாழ்ப்பாணம்